பேயா, பிரமையா? உளவியல் திகில் ட்ரெய்லர்கள் நம்மைப் பிடித்து வைக்கும் விதம்

2018 ஏப்ரலில் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில், 'பீட்டர் ரபிட்' என்ற சிறுவர் படம் பார்க்கக் குடும்பங்கள் கூடியிருந்த அரங்கொன்றில் 'ஹெரெடிட்டரி' என்ற திகில் படத்தின் ட்ரெய்லர் தவறுதலாக ஓடியது. பெற்றோர் பிள்ளைகளின் கண்ணையும் காதையும் பொத்தினார்கள், சிலர் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார்கள் என்று செய்திகள் வந்தன. அதே ட்ரெய்லரை யூடியூபில் பார்த்த திகில் ரசிகர்களோ படம் எப்போது வரும் என்று நாள் எண்ணத் தொடங்கியிருந்தார்கள்.

இரு சாராரும் பார்த்தவை அதே காட்சிகள்தான். கொண்டுவந்த எதிர்பார்ப்புதான் வேறு. திகில் படம் பார்த்துப் பழகியவருக்கு, மெல்ல உள்நோக்கி நகரும் கமராவும் வெறிச்சோடிய நடைவழியும் சட்டென்று அறுந்துபோகும் இசையும் 'ஒன்று வரப்போகிறது, உனக்கு ஒன்றும் ஆகாது' என்று முன்கூட்டியே சொல்லிவிடுகின்றன. அந்தப் பாஷை தெரியாத ஆறு வயதுப் பிள்ளைக்கு அவை வெறும் ஆபத்து. வகைமை மரபுகள் என்று சினிமாக் கல்வியில் சொல்லப்படுவது இந்தப் பாஷையைத்தான். உயர்தரத்தில் ஊடகக் கற்கை படிப்பவர்களுக்கும், கொழும்பின் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கையில் இருக்கும் கமராவோடு குறும்படம் எடுப்பவர்களுக்கும் இது எப்படி இயங்குகிறது என்று தெரிந்திருப்பது நல்லது. பயமுறுத்தத் தெரிந்த பலருக்கும் ஐயம் எழுப்பத் தெரிவதில்லை. உளவியல் திகிலின் உயிர் அந்த ஐயத்தில் இருக்கிறது.

தஸ்வெத்தான் தொதொரோவ் என்ற இலக்கியக் கோட்பாட்டாளர் 1970இல் இதைத் தெளிவாக வரையறுத்தார். இயற்கைக்கு மாறான ஒன்று நடக்கிறது. அது உண்மையிலேயே நடக்கிறதா, பாத்திரத்தின் மனம் செய்யும் வேலையா என்று வாசகர் தடுமாறும் வரைதான் அந்த விசித்திர நிலை நீடிக்கும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்த கணத்தில் அது முடிந்துவிடும். முழுநீளப் படம் கடைசியில் ஏதோ ஒரு பக்கம் சாயலாம். ட்ரெய்லர் சாயவே கூடாது. பேய்தான் என்று காட்டினால் அது பேய்ப்படத்தின் விளம்பரம். நோய்தான் என்று காட்டினால் சோக நாடகத்தின் விளம்பரம். இரண்டு நிமிடத்துக்கு இரண்டு கதவையும் திறந்தே வைத்திருக்க வேண்டும்.

பழகிய நான்கு, புதிய ஒன்று

இந்த வகையின் குறிகளை எவரும் பட்டியலிடலாம். கண்ணாடியில் சற்றுத் தாமதித்து அசையும் பிம்பம், உள்ளிருந்து பூட்டிய கதவு, மாத்திரைப் போத்தல், பிள்ளை கிறுக்கிய படம், நடுவே ஒருவரை நிறுத்திச் சுற்றிலும் வெறுமையை விட்ட சட்டகம், பின்னணியில் குவியம் தவறி நிற்கும் உருவம், 'நீ ஒழுங்காக நித்திரை கொள்வதில்லை' என்று சொல்லும் கணவன். ஒவ்வொன்றும் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று பார்த்தால், எல்லாமே இரண்டு விதமாக வாசிக்கக்கூடியவை. மாத்திரைப் போத்தல் நோய்க்கும் சான்று, யாரோ அவளை நோயாளியாக்குகிறார்கள் என்பதற்கும் சான்று. பூட்டிய கதவு வெளியே இருப்பதைத் தடுக்கிறதா, உள்ளே இருப்பதை அடைக்கிறதா என்று தெரியாது. அதனால்தான் இவை மரபாயின.

ஸ்டீவ் நீல் என்ற வகைமை ஆய்வாளர் வகைமையை மறுபடி வருவதும் மாறி வருவதும் சேர்ந்த ஒன்றாகப் பார்த்தார். ட்ரெய்லர் மேசையில் இதை எளிய கணக்காக்கலாம்: தெரிந்த குறி நான்கு, இதுவரை எவரும் பார்க்காதது ஒன்று. 'ஹெரெடிட்டரி' ட்ரெய்லரில் வீடும் துக்கமும் பாட்டியின் மரணமும் பழகியவை. சிறுமியின் நாக்குச் சொடுக்கு புதியது. பார்த்தவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோனது அந்தச் சொடுக்கைத்தான். புதியது ஒன்றும் இல்லாவிட்டால் பத்தோடு பதினொன்று. எல்லாமே புதியதாக இருந்தால் என்ன வகைப் படம் என்றே விளங்காமல் விரல் அடுத்த வீடியோவுக்குப் போய்விடும்.

மரபுகளை இயந்திரமும் கற்றுக்கொள்ளும். 2016இல் 'மோர்கன்' படத்துக்காக ஐபிஎம் நிறுவனத்தின் வாட்சன் கணினிக்கு 100 திகில் ட்ரெய்லர்களைக் காட்டிப் பழக்கினார்கள். அது முழுப் படத்தையும் அலசி 10 தருணங்களைப் பொறுக்கித் தந்தது. அவற்றை எந்த ஒழுங்கில் வைப்பது, எங்கே மௌனம் விடுவது என்பதை மனித எடிட்டர்தான் செய்தார். குறிகளைக் கண்டுபிடிப்பது சுலபம். அவற்றுக்கிடையே எவ்வளவு இடைவெளி என்பதில்தான் தொழில் இருக்கிறது.

பழைய உதாரணம் இரண்டைச் சொல்லிவிட்டு நகரலாம். 1960இல் ஹிட்ச்கொக் 'சைக்கோ'வுக்குச் செய்த ட்ரெய்லர் ஆறு நிமிடத்துக்கு மேல் நீண்டது. அதில் படத்தின் காட்சி ஒன்றுகூட இல்லை. அவரே விடுதியையும் வீட்டையும் சுற்றிக் காட்டி, நடந்ததைச் சொல்லத் தொடங்கிப் பாதியில் விழுங்கி, கடைசியில் குளியலறைத் திரையை இழுப்பார். அங்கே அலறும் பெண் படத்தில் குளியலறையில் சாகும் ஜேனட் லீ அல்ல, வீரா மைல்ஸ். 1980இன் 'த ஷைனிங்' டீசர் இன்னும் துணிச்சலானது: அசையாத ஒரே ஷாட், லிஃப்ட் கதவு, மேலே ஏறிப்போகும் பெயர்கள், பிறகு வெள்ளமாகக் கொட்டும் இரத்தம். ஆள் இல்லை, வசனம் இல்லை, கதை இல்லை. இரண்டும் விபரத்தை ஒளித்துத்தான் ஆட்களை இழுத்தன. 2024இல் 'லோங்லெக்ஸ்' படத்தின் விளம்பரம், அதில் கொலைகாரனாக நடித்த நிக்கலஸ் கேஜின் முகத்தை முழுசாகக் காட்டாமலே ஓடியதும் அதே வழிதான். அவரைப் பார்க்கும் பாத்திரத்தின் முகத்தைக் காட்டினார்கள், பார்க்கப்படுவதைக் காட்டவில்லை.

நேரக் கணக்கு

அமெரிக்கத் திரையரங்குகளுக்கான ட்ரெய்லருக்குத் தயாரிப்பாளர் சங்கத்தின் எல்லை இரண்டரை நிமிடம். 2014இல் அரங்க உரிமையாளர்கள் இரண்டு நிமிடம் போதும் என்று கேட்டுக்கொண்டார்கள். இணையத்துக்கு இந்த எல்லை இல்லை. அங்கே எஜமான் ஐந்தாவது செக்கன். யூடியூப் விளம்பரத்தைத் தள்ளிவிடும் பொத்தான் தோன்றும் நேரம் அது. அதற்காகவே ட்ரெய்லரின் தலையில் ஐந்து செக்கனில் இன்னொரு குட்டி ட்ரெய்லரை ஒட்டும் வழக்கம் வந்தது. பெரும்பாலும் அது மிக வேகமான நாலைந்து வெட்டுகளாக இருக்கும். உளவியல் திகிலுக்கு அது நஞ்சு. அமைதியிலிருந்து தொடங்க வேண்டிய ஏற்றத்தை உச்சியிலிருந்து தொடங்கிவிட்டால், பிறகு வரும் இருபது செக்கன் சாதாரண வாழ்க்கை சலிப்பாகத் தெரியும். ஐந்து செக்கனுக்கு ஒரே ஷாட், அதற்குள் ஒரே ஒரு பிசகு. இது போதும்.

இரண்டு நிமிட ட்ரெய்லரின் வழக்கமான உடற்கூறு இப்படி: முதல் 30 செக்கன் குறையில்லாத அன்றாடம், ஷாட் ஒன்று 3 முதல் 4 செக்கன். 30ஐ ஒட்டி முதல் பிசகு. 75 வரை பாத்திரம் சொல்வதை மற்றவர்கள் நம்ப மறுப்பது. பிறகு நான்கு அல்லது ஐந்து செக்கன் கிட்டத்தட்ட முழு மௌனம். அதற்குப் பின் 20 செக்கன் அடைமழையாகக் காட்சிகள், ஒவ்வொன்றும் 10 முதல் 14 ஃபிரேம். தலைப்பு. தலைப்புக்குப் பின் ஒரு கடைசிக் குத்து, இதைத் தொழிலில் பட்டன் என்பார்கள். செக்கனுக்கு 24 ஃபிரேம் என்பதால் 12 ஃபிரேம் என்றால் அரைச் செக்கன். எளிய படமொன்றை, ஒரு முகம், ஒரு கத்தி, கண் வசதியாக விளங்கிக்கொள்ள ஏறத்தாழ ஆறு ஃபிரேம் வேண்டும். மூன்றுக்குக் கீழே போனால் பலருக்கும் மின்னல்தான் தெரியும், பொருள் தங்காது. நெருக்கமில்லாத, பொருட்கள் நிறைந்த அறையை 10 ஃபிரேமில் காட்டினால் எதைப் பார்ப்பது என்று பார்ப்பவர் தேடி முடிக்க மாட்டார். அடைமழைப் பகுதிக்கு நெருக்கக் காட்சிகளையே எடுக்க வேண்டும்.

இந்த உடலில் மிகவும் முக்கியமான இடம் பலர் அவசரமாகத் தாண்டும் அந்த 30 முதல் 75 வரை. பேய்ப்படத்தில் அங்கே பேயின் தடயங்கள் கூடும். உளவியல் திகிலில் அங்கே பாத்திரத்தின் மீதான நம்பிக்கை குறைய வேண்டும். பேயின் தடயமும் அவள் மீதான சந்தேகமும் சமமாக ஏற வேண்டும்: ஒரு ஷாட் அவள் சொல்வது சரி என்று காட்டினால், அடுத்தது அவள் சொல்வதைச் சந்தேகிக்க வைக்க வேண்டும். தொடர்ந்து மூன்று ஷாட் ஒரே பக்கம் நின்றால் தராசு சாய்ந்துவிடும்.

காது

படத்தைப் பார்க்காமல் கேட்டால் பயப்படலாம். கேட்காமல் பார்த்தால் பெரும்பாலும் பயப்பட முடியாது. திடீரென்று வரும் பெருஞ்சத்தத்துக்கு 30 முதல் 50 மில்லிசெக்கனுக்குள் கண் இமை தானாக மூடும். அது அனிச்சைச் செயல், கதை எதுவும் அதற்குத் தேவையில்லை. ஜம்ப் ஸ்கேர் இவ்வளவு மலிவாகக் கிடைப்பதும் அதனால்தான். உளவியல் திகில் ட்ரெய்லரில் ஒன்று தாங்கும், இரண்டு எல்லை. ஐந்து வைத்தால் பார்ப்பவர் திடுக்கிடுவார், ஆனால் 'இது திடுக்கிட வைக்கும் படம்' என்ற வேறு வாக்குறுதியை எடுத்துக்கொண்டு போவார்.

ஒலி மூன்று அடுக்கில் கட்டப்படும். அடியில் ஓயாத ஒரு முனகல், பெரும்பாலும் 40 முதல் 60 ஹெர்ட்ஸ். நடுவில் நான்கு முதல் எட்டுச் செக்கன் ஏறிக்கொண்டே போகும் ரைசர். மேலே ஒரு பழகிய சத்தம்: கடிகாரம், மூச்சு, சொட்டும் குழாய். ரைசர் உச்சிக்குப் போனதும் உடனே அடி விழுந்தால் எவரும் எதிர்பார்த்ததுதான். உச்சியில் அறுத்து, 10 முதல் 20 ஃபிரேம் விட்டு, பார்ப்பவர் மூச்சை விடும் கணத்தில் அடி விழ வேண்டும். சில நல்ல ட்ரெய்லர்கள் அந்த அடியைப் போடாமலே விடுகின்றன. காத்திருந்த உடம்பு இறுகியபடியே அடுத்த காட்சிக்குப் போகிறது. இது மிகவும் உயர்ந்த உத்தி, மிகக் குறைவாகவே பயன்படுகிறது.

கொழும்பில் ட்ரெய்லர் எங்கே பார்க்கப்படுகிறது என்று நினைத்துப் பாருங்கள். சவோயிலும் மெஜஸ்டிக் சிட்டியிலும் லிபர்ட்டியிலும் பெரிய ஒலியோடு பார்ப்பவர்கள் உண்டு. அவர்களைவிட அதிகம் பேர் 100ஆம் இலக்க பஸ்ஸில் காலி வீதி இரைச்சலுக்குள் கைபேசியில் பார்க்கிறார்கள். அந்தச் சின்ன ஸ்பீக்கரில் 50 ஹெர்ட்ஸ் முனகல் இல்லவே இல்லை. மேசையில் நடுங்க வைத்தது பஸ்ஸில் வெறும் வெற்றிடம். இதற்கு வழி இருக்கிறது. அந்த முனகலில், ஒலியை மெல்லச் சிதைக்கும் சாச்சுரேஷன் சேர்த்து 100, 150, 200, 250 ஹெர்ட்ஸில் அதன் மடங்குகளை எழுப்பினால், அடிச் சுரம் இல்லாமலே காது அதை ஊகித்துக்கொள்ளும்.

சத்த அளவிலும் ஒரு பொறி இருக்கிறது. யூடியூப் தன் ஒலிகளை ஏறத்தாழ மைனஸ் 14 எல்.யூ.எஃப்.எஸ். (காது உணரும் சத்தத்தின் அலகு) அளவுக்குச் சமப்படுத்துகிறது. அதைவிடச் சத்தமானதைக் குறைக்கும், மெல்லியதைக் கூட்டாது. ட்ரெய்லர் முழுவதையும் உச்சத்தில் கலந்தால் எல்லாமே ஒன்றாகக் கீழே இறக்கப்பட்டு, அடி விழும் இடம் மற்ற இடங்களைப்போலவே கேட்கும். அமைதிப் பகுதிகளை உண்மையிலேயே மெல்லியதாக விட்டால்தான் அடிக்கு இடம் கிடைக்கும். அமெரிக்க அரங்குகளுக்கான 85 டெசிபெல் என்ற ட்ரெய்லர் ஒலி எல்லையும் முழு நீளத்துக்குமான சராசரிதான். மௌனத்தைச் சேமித்தவருக்கே சத்தம் போட உரிமை.

மௌனம் என்றால் பூச்சியம் அல்ல. ஒலித்தடத்தை முழுக்க வெட்டிவிட்டால் கைபேசியில் பார்ப்பவர் இயர்ஃபோன் கழன்றுவிட்டது என்று நினைத்துத் தொட்டுப் பார்ப்பார். கட்டிய கயிறு அங்கே அறும். படப்பிடிப்பின்போதே அந்த அறையில் எவரும் அசையாமல் ஒரு நிமிடம் ஒலிப்பதிவு செய்து வைத்து, அதைத்தான் மௌனத்துக்கு அடியில் விரிக்க வேண்டும். மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டி, தூரத்தில் ரயில், எது இருந்தாலும் அது அந்த அறையின் மௌனம்.

பழைய பாட்டை மெதுவாக்கிப் பாடுவது இன்னொரு மரபு. 2010இல் 'த சோஷல் நெட்வேர்க்' ட்ரெய்லரில் பெண்கள் பாடகர் குழு ஒன்று ரொக் பாட்டொன்றைப் பாடியதிலிருந்து இது காட்டுத்தீயாகப் பரவியது. 'அஸ்' படத்தின் ட்ரெய்லர் 1995இன் ஹிப்ஹொப் பாட்டொன்றைத் தந்திகளில் இழுத்துத் திரித்தது. வரவேற்பைப் பார்த்த இயக்குநர் அந்தத் திரிந்த வடிவத்தைப் படத்தின் உச்சக்கட்டத்துக்கே கொண்டுபோனார். நம்மவர்கள் இதைப் பார்த்துப் பழைய தமிழ்ப் பாட்டை மெதுவாக்கி ஏற்றுகிறார்கள். பெரும்பாலும் யூடியூபின் உரிமைப் பரிசோதனை அதைப் பிடித்துவிடும். வேகத்தை மாற்றினாலும் தப்புவது நிச்சயமில்லை. மரபுத் தாலாட்டுக்கு உரிமைக்காரர் இல்லை, ஆனால் ஏற்கெனவே வெளியான அதன் ஒலிப்பதிவுக்கு உண்டு. புதிதாகப் பாடவைத்துப் பதிவுசெய்வதே பாதுகாப்பான வழி.

கொலுசு கேட்டால் முடிந்தது

தமிழ்ப் பார்வையாளரிடம் வேறு ஒரு குறித்தொகுதி ஏற்கெனவே இருக்கிறது. கொலுசொலி, மல்லிகை, வெள்ளைச் சேலை, விரித்த கூந்தல், நாய் ஊளை, ஆளில்லா ஊஞ்சல், தாலாட்டு. மோகினியும் கொள்ளிவாய்ப் பிசாசும் சிங்கள அயலவரின் மகாசோனாவும் உலவும் கதைகளோடு வளர்ந்த நமக்கு, கொலுசு கேட்ட அடுத்த கணம் கேள்வியே இல்லை: பேய். பேய்ப்படத்துக்கு அது பெரிய வசதி. உளவியல் திகிலுக்கு அது சாவுமணி, ஏனென்றால் ஐயம் அந்த இடத்திலேயே தீர்ந்துவிட்டது.

எதிர்ப்பக்கம் ஒரு சிக்கலும் உண்டு. வெளிநாட்டுத் திகிலில் திடீரென்று விளக்கு அணைவது வலுவான குறி. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டில் இருந்த ஊர் இது. இங்கே விளக்கு அணைந்தால் பார்ப்பவரின் மனதில் முதலில் வருவது மின்சார சபை. யன்னலுக்கு வெளியே எதிர்மாடியில் எல்லா வீட்டிலும் வெளிச்சம் எரிய, இந்த வீடு மட்டும் இருண்டால் அது வேறு கதை. ஒரே ஷாட்டில் இரண்டையும் காட்ட வேண்டும்.

தமிழ் ட்ரெய்லருக்கு இன்னொரு தடை நட்சத்திரம். ட்ரெய்லர்கள் மூன்று கயிற்றால் இழுக்கின்றன என்று லிசா கெர்னன் ஆராய்ந்து சொன்னார்: வகைமை, கதை, நட்சத்திரம். தமிழில் மூன்றாவது கயிறு மற்ற இரண்டையும் அறுத்துவிடும். 2005இன் 'சந்திரமுகி'யின் கதை முழுக்க ஒரு பெண்ணின் பிளவுபட்ட மனதைப் பற்றியது, தீர்ப்பவர் ஒரு மனநல மருத்துவர். ஆனாலும் அது மக்களிடம் ரஜினி படமாகவே போய்ச் சேர்ந்தது. நட்சத்திரம் இருக்கும் இடத்தில் அவர் சொல்வது பொய்யாக இருக்கலாம் என்று எவரும் நினைக்க மாட்டார்கள். அதனால் ஐயத்துக்கு அங்கே இடமில்லை. மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்த பாலு மகேந்திரா 1980இலேயே 'மூடுபனி'யில் பேயே இல்லாமல் மனதின் இருட்டை மட்டும் வைத்துப் படம் செய்தார். அந்த வழியைக் கொழும்பில் குறும்படம் எடுப்பவர்கள் நட்சத்திரச் சுமை இல்லாமல் எடுத்துக்கொள்ளலாம். அறியப்படாத முகம் இந்த வகைக்குப் பெரும் சொத்து.

ஒரு மாதிரி: 75 செக்கன்

கற்பனையாக ஒரு குறும்படம். வெள்ளவத்தையில் கடற்பக்கத் தொடர்மாடி, நான்காம் மாடி. தாய் இறந்தபின் மகள் தனியாக இருக்கிறாள். ஒவ்வொரு இரவும் மேல்வீட்டில் யாரோ கதிரை இழுக்கும் சத்தம். மேல்வீட்டுக்காரர் கனடாவில். வீடு பூட்டிக் கிடக்கிறது.

முதல் 4 செக்கன்: கட்டிலில் படுத்தபடி மேலே பார்க்கும் முகம். ஷாட்டின் ஓரத்தில் தொங்கும் பல்ப் மெல்ல ஆடுகிறது. சத்தத்தை மூடி வைத்துப் பார்ப்பவருக்கும் இது வேலை செய்யும். 4 முதல் 20 வரை பகல்: மரக்கறிப் பை, லிஃப்ட், குசினி, தாயின் படத்துக்கு விளக்கு, நான்கு ஷாட். 20 முதல் 32 வரை காவலாளி: "மேல ஒருத்தரும் இல்லைப் பிள்ளை. அவை கனடாவில எல்லோ." 32 முதல் 46 வரை தொலைபேசியில் அக்கா: "மருந்து ஒழுங்கா எடுக்கிறியோ?" இந்த இடத்தில் மாத்திரை அட்டையை இருமுறை காட்ட வேண்டும், முதலில் பாதி காலி, பத்துச் செக்கனுக்குப் பிறகு முழுசாக. யாரும் அதைப் பற்றிப் பேசக்கூடாது. கவனித்தவர் திரும்ப ஓடவிட்டுப் பார்ப்பார், கவனிக்காதவருக்கும் ஏதோ பொருந்தாத உணர்வு தங்கும்.

46 முதல் 50 வரை ஐந்தாம் மாடிக் கதவு, பூட்டு, அறையின் மௌனம். 50 முதல் 64 வரை 14 செக்கன், ஷாட் ஒன்று 14 ஃபிரேம் என்றால் சரியாக 24 ஷாட். பிறகு நான்கு செக்கன் தலைப்பு. கடைசி 7 செக்கன் பட்டன்: கதவைத் திறக்கிறாள், கீழ்வீட்டு அம்மா நிற்கிறார். "பிள்ளை, ராவில கதிரை இழுக்கிறது நீங்களோ?" அவள் முகம். கறுப்பு.

அந்த ஒரு வரி எதையும் தீர்க்கவில்லை. அவளே இழுத்திருக்கலாம், சத்தம் மாடி மாடியாகவும் இறங்கியிருக்கலாம். ஆனால் இது படத்தின் இறுதித் திருப்பம் என்றால் ட்ரெய்லரில் வைக்கவே கூடாது. படத்தின் முதல் மூன்றிலொரு பகுதிக்குள் வரும் விடயம் என்றால் தாராளமாக வைக்கலாம். பின்பாதிக் காட்சிகள் அரைச் செக்கனுக்குக் குறைவாக, முன்பின் தெரியாமல் மட்டும் வரலாம்.

கதிரைச் சத்தத்தை எப்படிப் பதிவது? மேல்வீட்டில் மரக்கதிரையைத் தரையில் இழுக்க வைத்து, கீழ்வீட்டில் மைக்கை வைத்துப் பதிந்தால் உண்மையான சத்தம் கிடைக்கும். கொங்கிரீட் தளம் கூர்மையான பகுதியை விழுங்கி, அடிப்பகுதியை மட்டும் விடும். நேர்த்தியான பதிவு, ஆனால் கைபேசியில் கேட்காது, மேலே சொன்ன அதே காரணத்தால். கதிரைக் காலின் மெல்லிய கிறீச்சை, ஓராயிரம் முதல் இரண்டாயிரம் ஹெர்ட்ஸ் வரையான பகுதியை, வேறாகப் பதிந்து மிகத் தாழ்வாகச் சேர்த்தால் சின்ன ஸ்பீக்கரிலும் இழுபடும்.

இரவுக் காட்சிகளும் இப்படித்தான். மேசைத் திரையில் அழகாக இருக்கும் இருட்டு, வெயிலில் பிடித்த கைபேசியில் கரும்பலகை. மலிவான கைபேசியில் வெளிச்சத்தைப் பாதியில் வைத்துப் பார்த்து, முகத்தின் ஒரு விளிம்பாவது தெரிகிறதா என்று உறுதி செய்ய வேண்டும். யூடியூபின் சுருக்கம் இருட்டுச் சுவரைப் படிப்படியான கட்டங்களாகப் பிளக்கும். பழைய ஃபிலிமில் தெரிவதுபோன்ற நுண்ணிய புள்ளிகளை, கிரெய்ன் என்பதை, தூவி, படத்தைப் பெரிதாக்கி 4கே அளவில் ஏற்றினால் பெருமளவு குறையும்.

கொழும்பில் சிங்கள அல்லது ஆங்கில உபதலைப்பு பெரும்பாலும் போடுவோம். உபதலைப்பு வந்ததும் கண் திரையின் அடிக்குப் போய்விடும். அதே நேரம் பின்னணியில் உருவம் கடந்தால் பாதிப்பேர் தவற விடுவார்கள். வசனம் முடிந்து, எழுத்து மறைந்து, ஒரு செக்கன் கழித்தே உருவம் அசைய வேண்டும்.

தலைப்பு எழுத்தில் நடக்கும் விபத்து தனி. ஆங்கிலத் திகில் தலைப்புகளைப் பார்த்து எழுத்துகளுக்கிடையே அகல இடைவெளி விடுகிறார்கள். தமிழில் 'கொ' என்பது மூன்று துண்டு. இடைவெளியைக் கூட்டினால் கொம்பும் காலும் ககரத்தைவிட்டுக் கழன்று தனித்தனியாக நிற்கும். சில எடிட்டிங் மென்பொருள்களில் எழுத்து இயந்திரத்தைத் தெற்காசிய மொழிகளுக்கானதாக மாற்றாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். இவ்வளவு கட்டிய பயம் ஒரு எழுத்துப்பிழையில் சிரிப்பாகும். அகலம் வேண்டுமானால் இடைவெளியில் கை வைக்காமல், மெல்லிய கோடுள்ள எழுத்துருவைச் சிறிய அளவில், சுற்றிலும் நிறையக் கறுப்பு விட்டு வைக்கலாம். அட்டையை மனதுக்குள் இருமுறை வாசித்து முடியும் வரை நிறுத்த வேண்டும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, ஆங்கில ட்ரெய்லரின் ஒன்றரைச் செக்கன் கணக்கு இங்கே போதாது.

வாக்கு மீறினால்

அமெரிக்காவில் முதல் இரவு பார்வையாளரிடம் மதிப்பெண் வாங்கும் சினிமாஸ்கோர் என்ற கணிப்பு உண்டு, ஏ பிளஸிலிருந்து எஃப் வரை. 'ஹெரெடிட்டரி' டி பிளஸ் வாங்கியது. 2017இன் 'மதர்!' எஃப் வாங்கியது. விமர்சகர் பலர் கொண்டாடிய படங்களுக்கு இந்த நிலை. ட்ரெய்லர் இதில் ஒரு பங்காளி. அடைமழைப் பகுதியை மட்டும் நம்பி வந்தவர், இரண்டு மணி நேரம் மெல்லக் கசியும் துயரத்தை எதிர்பார்க்கவில்லை. 'ஹெரெடிட்டரி' ட்ரெய்லர் சிறுமியை நடுவில் வைத்து வேறு கதை நடக்கும் என்று நம்ப வைத்தது. அது நேர்மையான ஏமாற்று என்பது எங்கள் கருத்து, ஏனென்றால் கதையில் பொய் சொன்னாலும் மனநிலையில் பொய் சொல்லவில்லை. கதையை ஒளிக்கலாம், திரிக்கலாம். படத்தின் வேகத்தையும் பாரத்தையும் பற்றிப் பொய் சொன்னால் பார்வையாளர் மன்னிக்க மாட்டார்.

இன்னொரு வாக்கைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மனநோயை ஆபத்தின் குறியாகப் பயன்படுத்துவது இந்த வகையின் மிகப் பழைய, மிகக் கெட்ட பழக்கம். மனநல வைத்தியசாலையை நினைத்து 'அங்கொடைக்குத்தான் கொண்டுபோக வேணும்' என்று சும்மா பேச்சில் சொல்லும் ஊர் இது. மாத்திரை அட்டையையும் கட்டிலில் கட்டிய கையையும் கோரச் சிரிப்போடு சேர்த்து வெட்டும் ட்ரெய்லர், மருந்து எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்வரும் எத்தனையோ பேரைப் பேயாக்குகிறது. கமரா எங்கே நிற்கிறது என்பதில்தான் வித்தியாசம். அவளைத் தூரத்திலிருந்து பார்த்தால் அவள் பயமுறுத்துபவள். அவளது தோளுக்குப் பின்னால் நின்று அவள் கேட்பதை நாமும் கேட்டால், நாமும் நம் காதைச் சந்தேகிக்கத் தொடங்குவோம். அறத்தை விடுங்கள், கலையாகப் பார்த்தாலும் இரண்டாவதுதான் அதிகம் பயமுறுத்தும்.

வெட்டி முடித்ததும் கதை தெரியாத ஐந்து பேரிடம் அவரவர் கைபேசியில் தனித்தனியாகக் காட்டுங்கள். 'பிடித்ததா' என்று கேட்க வேண்டாம், எல்லாரும் ஓம் என்பார்கள். 'அவளுக்கு உண்மையிலேயே என்ன நடக்கிறது?' என்று கேளுங்கள். ஐந்து பேரும் பேய் என்றால், மற்றவர்கள் நம்ப மறுக்கும் நடுப்பகுதியில் அவளைச் சந்தேகிக்க வைக்கும் ஷாட் போதவில்லை, பெரும்பாலும் ஒலியில் எங்கோ கொலுசு மாதிரி ஒன்று ஒளிந்திருக்கும். ஐந்து பேரும் நோய் என்றால் அந்தப் பல்ப் ஆடும் ஷாட்டை, அவள் பார்க்காத நேரத்தில், இன்னொரு முறை வையுங்கள். என்ன படம் என்றே தெரியவில்லை என்றால் பழகிய குறி ஒன்றை முதல் இருபது செக்கனுக்குள் கொண்டுவாருங்கள். மூன்று பேர் ஒன்றும் இரண்டு பேர் மற்றதும் சொல்லித் தங்களுக்குள் வாதாடத் தொடங்கினால் ட்ரெய்லரை ஏற்றிவிடலாம்.